பதின்வயதில் கார் பழகும் பிள்ளை: பயிற்சி வகுப்பில் கிடைப்பதும் கிடைக்காததும்

பிள்ளையை டிரைவிங் வகுப்பில் சேர்க்கும் பெற்றோருக்குப் பொதுவாக இரண்டு எதிர்பார்ப்புகள் இருக்கும். லைசென்ஸ் தேர்வில் தேறிவிட வேண்டும். அதன்பிறகு நெஞ்சு படபடக்காமல் சாவியைக் கொடுத்து அனுப்ப முடிய வேண்டும். முதல் வேலையை ஓரளவு ஒழுங்காக நடக்கும் எந்தப் பயிற்சி நிலையமும் முடித்துக் கொடுத்துவிடும். இரண்டாவது வேலை அங்கே பாதிகூட முடியாது. பயிற்சியாளர் மேல் குற்றம் இல்லை, நேரம் போதாது, அவ்வளவுதான்.

கணக்கைப் பார்த்தாலே தெரியும். அமெரிக்காவில் பல பத்தாண்டுகளாக வழக்கத்தில் இருக்கும் ஏற்பாடு, வகுப்பறையில் 30 மணி நேரம், ஸ்டீயரிங் பிடித்து 6 மணி நேரம். டெக்சாஸ் மாநிலத்தில் வகுப்பறைப் பாடம் போக, பயிற்சியாளருடன் ஓட்டுவது 7 மணி, காரில் உட்கார்ந்து இன்னொருவர் ஓட்டுவதைப் பார்ப்பது 7 மணி. ஜெர்மனியில் பாடம் மட்டுமே 90 நிமிடம் வீதம் 14 வகுப்புகள். அடிப்படை ஓட்டம் பழகிய பிறகு ஊருக்கு வெளியே 5, அதிவேக நெடுஞ்சாலையில் 4, இருட்டில் 3 என்று 45 நிமிட ஓட்டங்களும் கட்டாயம். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 25 வயதுக்குக் கீழே இருப்பவர்கள், இரவில் 20 மணி உட்பட மொத்தம் 120 மணி நேரம் ஓட்டியதைப் பதிவேட்டில் எழுதிக் காட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் சாலைத் தேர்வு. ஓர் இடத்தில் 6, இன்னோர் இடத்தில் 120. இந்த இடைவெளியை யார் நிரப்புவது என்பதைப் புரிந்துகொண்டால், வகுப்பிலிருந்து எதை எதிர்பார்க்கலாம் என்பது தானாக விளங்கிவிடும்.

வகுப்பறைப் பாடத்தில் பாதி எல்லாரும் நினைப்பதுதான். சாலைக் குறியீடுகள், யார் யாருக்கு வழிவிட வேண்டும், வேக வரம்பு, குடித்துவிட்டு ஓட்டினால் சட்டம் என்ன செய்யும், விபத்து நடந்தால் முதலில் என்ன செய்வது. பள்ளிப் பாடம் படித்துப் பழகிய பிள்ளைகள் இதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். பல இடங்களில் இந்தப் பகுதியை இப்போது இணையத்திலேயே முடித்துவிடலாம். அதனால் பெரிய நஷ்டம் எதுவும் இல்லை.

மறுபாதிதான் கவனிக்க வேண்டியது. அது தூரம், வேகம், நேரம் பற்றிய கணக்கு. பிரிட்டன் அரசின் சாலை விதிக் கையேடு தரும் எண்களைப் பாருங்கள். மணிக்கு 48 கிலோமீட்டரில் போகும் கார், ஆபத்தைப் பார்த்த நொடியிலிருந்து முழுதாக நிற்பதற்கு 23 மீட்டர் ஆகும். மூளை உணர்ந்து கால் பிரேக்குக்குப் போவதற்குள் 9 மீட்டர், பிரேக் பிடித்தபின் 14 மீட்டர். வேகத்தை இரட்டிப்பாக்கி 96 கிலோமீட்டரில் போனால் நிற்கும் தூரமும் இரட்டிப்பாகும் என்றுதான் பெரும்பாலான பிள்ளைகள் நினைப்பார்கள். ஆனால் 73 மீட்டர் ஆகிறது. உணரும் தூரம் 18 மீட்டராக இரட்டிக்கிறது, பிரேக் தூரமோ 55 மீட்டர், ஏறக்குறைய நான்கு மடங்கு. வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஆற்றல் கூடுகிறது என்று இயற்பியல் வகுப்பில் படித்தது இதுவே. தேர்வுக்கு மனப்பாடம் செய்ததை இங்கே உடம்பில் பொருத்திப் பார்க்க வைப்பவரே நல்ல ஆசிரியர். இந்த எண்களும் உலர்ந்த சாலைக்குத்தான். மழை பெய்தால் இரண்டு மடங்காவது வைத்துக்கொள்ள வேண்டும்.

இதிலிருந்து வருவதுதான் இரண்டு நொடி விதி. முன்னால் போகும் வண்டி ஒரு கம்பத்தைக் கடக்கும்போது எண்ண ஆரம்பித்து, நம் வண்டி அதே கம்பத்துக்கு வர இரண்டு நொடியாவது ஆக வேண்டும். புதிதாக ஓட்டுபவர்களுக்கு மூன்று நொடி என்று சொல்லிக்கொடுப்பவர்களும் உண்டு, அது நல்லதுதான். மீட்டரில் சொன்னால் ஓடும் காரில் யாராலும் அளக்க முடியாது. நொடியில் சொன்னால் வேகம் எதுவானாலும் பொருந்தும். கைபேசிப் பேச்சும் இங்கேதான் வரும். மணிக்கு 90 கிலோமீட்டரில் ஒரு நொடிக்கு 25 மீட்டர். செய்தி வந்ததா என்று நான்கு நொடி குனிந்து பார்த்தால், 100 மீட்டர் தூரம் வண்டியைச் சாலை பார்க்காமல் ஓட்டியிருக்கிறோம்.

சரி, காருக்குள் வருவோம். முதல் நாள் பிள்ளை ஏமாந்துபோகும். வண்டி நகர்வதற்கே நேரம் ஆகும். முதலில் சீட். பெடலை முழுதாக மிதித்தபோதும் முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். நெஞ்செலும்புக்கும் ஸ்டீயரிங்கின் நடுப்பகுதிக்கும் இடையே குறைந்தது 25 செண்டிமீட்டர் இருக்க வேண்டும், ஏர்பேக் வெடித்து விரிவதற்கு அந்த இடம் தேவை. கையை எங்கே வைப்பது என்பதிலும் ஏர்பேக்கின் கைவரிசை இருக்கிறது. கடிகாரத்தின் பத்து மணி, இரண்டு மணி இருக்கும் இடத்தில் பிடி என்று அப்பா காலத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். இப்போது ஒன்பது, மூன்று என்று கொஞ்சம் இறக்கிச் சொல்கிறார்கள். மேலே பிடித்திருந்தால் ஏர்பேக் விரியும் வேகத்தில் கையே முகத்தில் வந்து அடிக்கும். வீட்டில் அப்பா ஒன்று சொல்ல, வகுப்பில் வேறொன்று சொல்ல, சண்டை வரக்கூடிய முதல் இடம் இது. வகுப்பு சொல்வதே சரி.

அப்புறம் கண்ணாடிகள். பக்கக் கண்ணாடியில் நம் காரின் பக்கவாட்டு பெரிதாகத் தெரிகிறதென்றால் அதை இன்னும் வெளியே திருப்ப வேண்டும். எவ்வளவு திருப்பினாலும் எதிலும் விழாத ஓர் இடம் மிஞ்சும், அதற்காகத்தான் தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்ப்பது. பயிற்சிக் காரில் பயிற்சியாளர் காலடியில் தனி பிரேக் இருக்கும், கியர் வண்டியென்றால் பெரும்பாலும் கிளட்சும் இருக்கும். அவர் அதை மிதித்தால் அவமானமாக நினைக்கக்கூடாது என்பதைப் பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. முதல் ஓரிரு பாடங்களில் அது நடக்கத்தான் செய்யும்.

காலியான மைதானத்தில் தொடங்கி, அமைதியான தெரு, பிறகு நெரிசல், பிறகு வேகச் சாலை என்று படிப்படியாகப் போவது வழக்கம். கியர் வண்டியில் கிளட்ச் பிடிக்கும் இடத்தைக் கால் கண்டுபிடிக்கும்வரை இன்ஜின் அடிக்கடி நின்றுபோகும். திருப்பத்தில் ஸ்டீயரிங்கை அதிகமாகத் திருப்பிவிட்டு, திரும்ப விடும்போது தடுமாறுவார்கள். நேர்ச் சாலையில் வண்டி ஒரு பக்கமாகவே ஒதுங்கும். இவையெல்லாம் நாலைந்து பாடங்களில் சரியாகிவிடும். கை, கால் சம்பந்தப்பட்ட வேலைகளைப் பதின்வயதினர் பெரியவர்களைவிட வேகமாகக் கற்றுக்கொள்கிறார்கள். சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. வண்டி சொன்ன பேச்சைக் கேட்க ஆரம்பித்ததும் ஓட்டத் தெரிந்துவிட்டது என்று பிள்ளை நினைக்கும். பெற்றோரும் அப்படியே நினைப்பார்கள்.

தெரியாமல் இருப்பது பார்க்க. கண்ணின் அசைவைப் பதிவுசெய்யும் கருவியைக் கொண்டு ரொனால்ட் மொரன்ட், தாமஸ் ராக்வெல் இருவரும் 1972-இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் இன்றும் பேசப்படுகிறது. புதிய ஓட்டுநர்களின் பார்வை வண்டிக்கு மிக அருகிலேயே கிடக்கிறது, பக்கவாட்டில் அதிகம் போவதில்லை, கண்ணாடிகளையும் குறைவாகவே பார்க்கிறார்கள் என்று அது காட்டியது. அனுபவசாலியின் கண் தூரத்தில் இருக்கும், ஓயாமல் அலையும். வழியோரம் நிற்கும் பேருந்தைப் பார்த்ததும் அதன் முன்னாலிருந்து யாராவது ஓடிவரலாம் என்று அவர் கால் தானாக ஆக்சிலரேட்டரை விடும். புதியவருக்கு அது நிற்கும் பேருந்து மட்டுமே.

இதைக் கற்றுக்கொடுக்க ஒரு நல்ல வழி உண்டு. ஓட்டிக்கொண்டே பார்ப்பதை வாய்விட்டுச் சொல்லச் சொல்வது. "முன்னால் சைக்கிள், குழியைத் தவிர்க்க இந்தப் பக்கம் வரலாம். அங்கே நிற்கும் காரில் ஆள் இருக்கிறார், கதவு திறக்கலாம். சிக்னல் பச்சையாகி ரொம்ப நேரம் ஆச்சு, மாறப்போகுது." கேட்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் பிள்ளையின் கண் எங்கே போகிறது என்பதைப் பயிற்சியாளர் தெரிந்துகொள்ள இதைவிட எளிய வழி இல்லை. எதிரில் வரும் லாரியைப் பற்றி ஒரு வார்த்தையும் வரவில்லையென்றால் அதை அவன் பார்க்கவே இல்லை என்று அர்த்தம். பிரிட்டனில் ஆபத்தை முன்கூட்டியே உணரும் திறனுக்கென்று தனித் தேர்வையே 2002-இல் கொண்டுவந்துவிட்டார்கள். சாலைக் காட்சிகளைத் திரையில் ஓடவிட்டு, ஆபத்து உருவாகத் தொடங்கும் கணத்தில் பொத்தானை அழுத்த வேண்டும். எவ்வளவு சீக்கிரம் அழுத்துகிறோமோ அவ்வளவு மதிப்பெண். பின்சீட்டில் உட்கார்ந்து சக மாணவர் ஓட்டுவதைப் பார்க்கும் மணிகளும் இந்த வகையில் வீண் இல்லை. ஸ்டீயரிங் கையில் இல்லாதபோதுதான் சாலையை முழுதாகப் பார்க்க முடியும்.

என் பார்வையில், ஒரு பயிற்சி நிலையத்தை எடைபோட இதுவே நல்ல அளவுகோல். பாட நேரத்தில் பாதி, இரண்டு கார்களுக்கு நடுவே வண்டியைச் செருகி நிறுத்துவதிலேயே போனால், அங்கே தேர்வுக்குத் தயார் செய்கிறார்கள் என்று பொருள். அந்தப் பார்க்கிங் வித்தை கண்டிப்பாகத் தேவைதான். ஆனால் அதில் தவறினால் நசுங்குவது பம்பர். குறுக்குச் சாலையில் தவறினால் அப்படி இல்லை.

வகுப்பே போதும் என்ற நம்பிக்கைக்கு நீண்ட வரலாறு உண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஏமோஸ் நேஹார்ட் என்ற பேராசிரியர் 1930-களின் முற்பகுதியில் தன் சொந்தக் காரை வைத்து உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு ஓட்டப் பழக்கினார். அங்கிருந்து அது நாடு முழுவதும் பள்ளிப் பாடமாகப் பரவியது. இதனால் விபத்து குறைகிறதா என்பதை முறையாகச் சோதித்தது 1970-களின் இறுதியில் ஜார்ஜியா மாநிலத்தின் டிகால்ப் மாவட்டத்தில். சுமார் 16,000 மாணவர்களைக் குலுக்கல் முறையில் மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு அன்றைக்குத் தெரிந்த எல்லாவற்றையும் சேர்த்த விரிவான பயிற்சி, இன்னொன்றுக்குத் தேர்வில் தேறும் அளவுக்கு மட்டும், மூன்றாவதற்குப் பள்ளி வழியே எதுவும் இல்லை. விரிவான பயிற்சி பெற்றவர்களிடம் லைசென்ஸ் வாங்கிய முதல் சில மாதங்களில் சிறு முன்னேற்றம் தெரிந்தது, பிறகு அது கரைந்துபோனது. அதோடு, பயிற்சி பெற்றவர்கள் சீக்கிரமே லைசென்ஸ் வாங்கி சீக்கிரமே சாலைக்கு வந்துவிட்டார்கள். பலரும் எதிர்பார்த்த பெரிய பலன் எங்கும் தென்படவில்லை.

இதைவிட வினோதமானது நார்வேயில் நடந்தது. 1979-இல் வழுக்கும் சாலையில் வண்டியைக் கட்டுப்படுத்தும் பயிற்சியைப் புதியவர்களுக்குக் கட்டாயமாக்கினார்கள். பிறகு ஆராய்ந்து பார்த்தால் இளைஞர்களிடையே வழுக்கல் விபத்துகள் கூடியிருந்தன. வழுக்கினாலும் சமாளித்துவிடலாம் என்ற தைரியம் வந்துவிட்டது, அந்தத் தைரியத்துக்கு ஏற்ற திறமை வரவில்லை. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் அங்கீகாரம் பெற்ற பயிற்சியை முடித்தால் பழகுநர் காலத்தை 12 மாதத்திலிருந்து 8 மாதமாகக் குறைத்துக்கொள்ளலாம். அந்தச் சலுகையைப் பயன்படுத்தியவர்கள் விபத்துகளில் அதிகம் சிக்கியதாக ஆய்வுகள் வந்தன. பயிற்சி கெடுதல் செய்தது என்று இதற்கு அர்த்தம் இல்லை. பயிற்சிக்குப் பரிசாக நான்கு மாதப் பழக்கத்தைக் கழித்துக்கொடுத்ததுதான் கோளாறு. "முழுப் பாடமும் முடித்தால் சீக்கிரம் லைசென்ஸ்" என்று விளம்பரம் வந்தால் பெற்றோர் சற்றுத் தயங்க வேண்டிய காரணம் இதுதான்.

பலன் தெளிவாகத் தெரிந்த இடம் சுவீடன். 1993-இல் அங்கே பழகத் தொடங்கும் வயதை 17½-இலிருந்து 16-ஆகக் குறைத்தார்கள். லைசென்ஸ் தரும் வயது 18 என்பதை மாற்றவில்லை. பழகும் காலம் மட்டும் நீண்டது. அந்த வாய்ப்பைப் பயன்படுத்தியவர்கள் தேர்வுக்கு முன் சராசரியாக சுமார் 120 மணி நேரம் ஓட்டியிருந்தார்கள், முன்பு இது 50 மணிக்கும் குறைவு. லைசென்ஸ் வாங்கிய பிறகு அவர்களின் விபத்து வாய்ப்பு கணிசமாகக் குறைந்திருந்தது. கூடுதலாகக் கிடைத்த மணிகளில் பெரும்பகுதி பயிற்சி நிலையத்தில் கழித்தவை அல்ல, வீட்டுப் பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டியவை.

ஆக, பெற்றோருக்கும் இதில் பாடம் உண்டு. கலிபோர்னியாவில் 18 வயதுக்குக் குறைந்தவர்கள் பயிற்சியாளருடன் ஓட்டும் 6 மணி போக, வீட்டுப் பெரியவருடன் 50 மணி, அதில் 10 மணி இரவில், ஓட்டியாக வேண்டும். இந்த ஐம்பதை நிரப்புவது அவ்வளவு எளிதல்ல. தினம் பள்ளிக்குப் போகும் ஒரே வழியில் ஓட்டவிட்டால் ஒரு வழி மட்டும்தான் பழகும். மழை, அந்தி நேரம், தெரியாத ஊர், நெரிசலான சந்தைப் பகுதி, வேகச் சாலையில் நுழைவதும் வெளியேறுவதும் எல்லாம் அதில் வர வேண்டும். முதல் மழையில் பிள்ளை ஓட்டும்போது பக்கத்தில் யாராவது இருப்பது எவ்வளவோ மேல்.

வீட்டுப் பயிற்சியில் பெரும்பாலும் கெட்டுப்போவது பேச்சு. பெரியவர் கடைசி நொடியில் "பிரேக்! பிரேக்!" என்று கத்துவார், பிள்ளை பதறும், இரண்டு பேருமே அன்றைக்கு முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். திருப்பம் வரும் முன்பே, "அடுத்த சிக்னலில் திரும்பணும், இப்பவே கண்ணாடி பாரு, இண்டிகேட்டர் போடு" என்று சொன்னால் அந்தச் சண்டையில் பாதி குறையும். தவறை வண்டி ஓடும்போது விவாதிக்காமல் ஓரமாக நிறுத்திவிட்டுப் பேசுவதும் உதவும். ஒரு பாடத்துக்காவது பெற்றோர் பின்சீட்டில் உட்கார பயிற்சியாளர் அனுமதித்தால் கட்டாயம் போய்ப் பாருங்கள். அவர் எந்த வார்த்தையை எப்போது சொல்கிறார் என்பதை அங்கே கற்றுக்கொள்ளலாம். பெரியவரின் சொந்தப் பழக்கமும் இங்கே வெளிப்படும். மஞ்சள் விளக்கில் வேகம் கூட்டுபவர் பக்கத்திலிருந்து என்ன சொன்னாலும் எடுபடாது.

லைசென்ஸ் கைக்கு வந்த பிறகு நடப்பதைப் பல வகுப்புகள் தொடுவதே இல்லை. பெரியவர் பக்கத்தில் இருக்கும் பழகுநர் காலத்தில் விபத்து மிகக் குறைவு. தனியாக ஓட்டத் தொடங்கிய முதல் சில மாதங்களில் சட்டென்று உச்சத்துக்குப் போகிறது. அதிலும் முதல் மாதம் மோசம். பிறகு மெல்ல இறங்கும். சக வயதினர் காரில் ஏறினால் ஆபத்து இன்னும் கூடும். மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் இருவரும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில் கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு ஒன்றைத் தனியாகவும் நண்பர்கள் சூழவும் ஆடவைத்தார்கள். நண்பர்கள் பக்கத்தில் இருந்தபோது பதின்வயதினர் துணிந்து எடுத்த அபாயம் வெகுவாகக் கூடியது. 24 வயதைத் தாண்டியவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. நண்பர்கள் எதுவும் உசுப்பேற்றக்கூட வேண்டாம், உடன் இருந்தாலே போதும் என்று பின்னால் வந்த ஆய்வுகள் சொல்கின்றன. "என் பையன் பொறுப்பானவன்" என்று சொல்வது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் காரில் அவனுடன் மூன்று பேர் ஏறிய பிறகு அதே வாக்கியம் பொருந்துமா என்பது வேறு கேள்வி.

படிப்படியாக உரிமம் தரும் முறை இந்தக் காரணத்தால்தான் வந்தது. நியூசிலாந்து 1987-இல் இதை முழுமையாகக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் புளோரிடா 1996-இல் தொடங்க, மற்ற மாநிலங்கள் தொடர்ந்தன. முதலில் பழகுநர் உரிமம், பிறகு கட்டுப்பாடுகளோடு தனியாக ஓட்டும் உரிமம், கடைசியில் முழு உரிமம். கலிபோர்னியாவில் முதல் 12 மாதம் இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை தனியாக ஓட்டக்கூடாது, பெரியவர் இல்லாமல் 20 வயதுக்குக் குறைந்தவர்களை ஏற்றக்கூடாது, விதிவிலக்குகள் சில உண்டு. ஜெர்மனியில் 17 வயதிலேயே தேர்வு எழுதி ஓட்டலாம், ஆனால் 18 முடியும்வரை பெயர் குறிப்பிடப்பட்ட பெரியவர் ஒருவர் உடன் இருக்க வேண்டும். அவருக்கு 30 வயது ஆகியிருக்க வேண்டும், குறைந்தது ஐந்தாண்டு லைசென்ஸ் வைத்திருக்க வேண்டும். சட்டம் இப்படிக் கட்டாயப்படுத்தாத ஊர்களிலும் இரவு நேரம், உடன் வருவோர் எண்ணிக்கை, கைபேசி பற்றி வீட்டுக்குள்ளேயே ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொள்ளச் சொல்லும் வகுப்புகள் இருக்கின்றன. வாய்வார்த்தையாக விடாமல் காகிதத்தில் எழுதி, எந்தக் கட்டுப்பாடு எத்தனை மாதத்தில் தளரும் என்பதையும் அதிலேயே குறித்துவிட்டால் பிள்ளைகள் அதிகம் முரண்டு பிடிப்பதில்லை.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய கேள்விகள் இவ்வளவுக்குப் பிறகு அநேகமாக உங்களுக்கே தோன்றியிருக்கும். சொன்ன மணிகளில் மைதானம் எவ்வளவு, நிஜச் சாலை எவ்வளவு? இரவில், மழையில், வேகச் சாலையில் ஓட்ட வைப்பார்களா, அல்லது மழை வந்தால் பாடத்தை ரத்து செய்வார்களா? ஒரே பயிற்சியாளர் கடைசிவரை வருவாரா, ஆள் மாறிக்கொண்டே இருப்பாரா? ஒவ்வொரு பாடம் முடிந்ததும் எதில் தடுமாற்றம் என்று எழுதிக் கொடுப்பார்களா? பத்து நாளில் எல்லாவற்றையும் முடித்துத் தருகிறோம் என்பதைவிட, இரண்டு மூன்று மாதங்களுக்குப் பரப்பி, நடுவில் வீட்டிலும் ஓட்டச் சொல்லும் இடம் நல்லது.

லைசென்ஸ் வாங்கிய பிறகும் ஓரிரு பாடம் எடுக்க முடியுமா என்றும் கேட்டுவையுங்கள். ஆஸ்திரியாவில் இதை 2003 முதல் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். தேர்வில் தேறி 2 முதல் 4 மாதங்களுக்குள் பயிற்சியாளருடன் ஒரு சரிபார்ப்பு ஓட்டம், பிறகு பாதுகாப்புப் பயிற்சியும் அதோடு உளவியலாளருடன் குழு உரையாடலும், 6 முதல் 12 மாதங்களுக்குள் இன்னொரு சரிபார்ப்பு ஓட்டம். தனியாக ஓட்டிய சில மாதங்களில் ஒட்டிக்கொண்ட பழக்கங்கள் அந்த ஓட்டத்தில் வெளியே வந்துவிடும்: தோளுக்கு மேல் திரும்பிப் பார்ப்பது நின்றுபோயிருக்கும், ஒரு கை ஸ்டீயரிங்கை விட்டு மடிக்கு இறங்கியிருக்கும், மூன்று நொடி இடைவெளி ஒரு நொடியாகச் சுருங்கியிருக்கும்.